மறுமொழி: பார்கின்சன் மருந்து – ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘வேரிங் ஆஃப்’ இவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நோயாளிகளுக்கான கையேட்டுக்குக் கேட்ட சொற்களுக்கு இத்தனை பரிந்துரைகள் வந்ததில் மகிழ்ச்சி. எல்லா மடல்களையும் படித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், இந்தச் சொற்கள் எங்கே புழங்கப்போகின்றன என்று சொல்லிவிடுகிறேன். வந்த பரிந்துரைகளில் பாதி பாடநூலில் அழகாக உட்காரும். ஆனால் நமக்கு வேண்டியவை எழுபது வயதுக்காரர் ஒருவர் அரைமணிக்கு ஒரு முறை பேனாவால் குறியிடும் தாளில் வரவேண்டிய சொற்கள்.

மருத்துவத் துறையில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகப் பின்னணி. பார்கின்சன் நோயில் மூளையில், அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிகின்றன. அந்தக் குறையை ஈடுகட்டுவது லெவோடோபா. 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுத்துப் பலன் காட்டினார். இன்றுவரை அதைவிட வலுவான மாத்திரை வரவில்லை. ஆனால் அது உடம்பில் தங்கும் நேரம் மிகக் குறைவு. அது சீக்கிரம் சிதையாமல் காக்கும் கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் இது தெரிவதில்லை. மிச்சமிருக்கும் செல்கள் டோபமினைத் தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ஏரி நிறைந்திருக்கும்வரை வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் பயிர் வாடாது. ஏரி தூர்ந்துபோனால் வாய்க்காலில் தண்ணீர் வரும் வேளை மட்டும்தான் வயல் நனையும். நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பலருக்கு இதுதான் நடக்கிறது. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் கை கால் இலகுவாகும், எழுந்து நடப்பார்கள், சட்டைப் பொத்தான் போடுவார்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பே பழையபடி இறுக்கம், மெதுநடை, நடுக்கம்.

அந்த நல்ல நேரத்தை மருத்துவர்கள் ‘ஆன்’ என்கிறார்கள், கெட்ட நேரத்தை ‘ஆஃப்’. மருந்து தீரத் தீரக் கெட்ட நேரம் தலைகாட்டுவது ‘வேரிங் ஆஃப்’. இந்த மாறிமாறி வரும் நிலை முழுவதற்கும் சேர்த்து ‘மோட்டார் ஃப்ளக்சுவேஷன்ஸ்’ என்று பெயர்.

இதற்கென்று கடந்த முப்பது ஆண்டுகளில் ஒரு வரிசை மருந்துகள் வந்திருக்கின்றன. லெவோடோபாவை நிறுத்தாமல் அதோடு சேர்த்துக் கொடுப்பவை. இவற்றின் பலனை அளப்பது எப்படி? இரத்தப் பரிசோதனையில் வராது, ஸ்கேனில் தெரியாது. நோயாளி வீட்டில் உட்கார்ந்து ஒரு நாளை 48 அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் குறியிட வேண்டும்: தூக்கம், ‘ஆஃப்’, ‘ஆன்’, தொந்தரவில்லாத மிகையசைவோடு (மருந்து மிஞ்சும்போது உடம்பு தானே நெளிவது) ‘ஆன்’, தொந்தரவான மிகையசைவோடு ‘ஆன்’. இந்தத் தாளைத்தான் ‘நாளேடு’ என்கிறேன். இந்த மருந்துகளில் பலவற்றுக்கு உரிமம் கிடைத்தது இத்தகைய கட்டங்களை வைத்துத்தான். ஒபிகபோன் மருந்தின் முதல் பெரிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் 50 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ‘ஆஃப்’ நேரம் சராசரியாக 117 நிமிடம் போல் குறைந்தது. பழைய மருந்தான என்டகபோன் எடுத்தவர்களுக்கு 96. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 56 நிமிடம் குறைந்தது! மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரம்தான். இவ்வளவு நுணுக்கமான வேறுபாட்டை, எந்தக் கட்டத்தில் எந்தக் குறி போடுவது என்று நோயாளிக்கே தெளிவில்லாவிட்டால் எப்படி அறிவது?

ஆய்வை விடுங்கள். சாதாரண மருத்துவமனையில், ஐந்து நிமிடச் சந்திப்பில், “எப்படி இருக்கீங்க?” என்று மருத்துவர் கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? “அசதியா இருக்கு”, “கை ஆடுது”, “உடம்பு ஒத்துழைக்கல.” இதிலிருந்து எந்த நேரத்தில், மாத்திரைக்கு முன்னாலா பின்னாலா என்று எதுவும் தெரியாது. ஆகவே டோஸ் கூடும். டோஸ் கூடினால் கை கால் நெளிய ஆரம்பிக்கும். உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது வேளையை நெருக்குவதோ, ஒரு கூடுதல் மருந்து சேர்ப்பதோவாக இருந்திருக்கலாம். சொல் இல்லாததால் தவறான மருத்துவம் நடக்கிறது என்பதே என் கவலை. சரி, இனிப் பரிந்துரைகள்.

> ‘ஆன்’, ‘ஆஃப்’ எல்லோருக்கும் தெரிந்தவை. அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாமே?

பேச்சில் அப்படியே இருக்கட்டும், மருத்துவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் எழுதும்போது ஒரு பெரிய சிக்கல் வருகிறது. நம் ஊரில் ‘ஆஃப்’ என்றால் பாதி. ஆஃப் டிக்கெட், ஆஃப் பாயில், ஆஃப் மாத்திரை. பார்கின்சன் நோயாளிகள் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த சின்டோபா 110 மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவது மிகச் சாதாரணம். தாளில் ‘காலை 10 – ஆஃப்’ என்று இருந்தால் மருமகள் பாதி மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். வேறு எந்தக் குறிப்பில் இந்தக் குழப்பம் வந்தாலும் பொறுக்கலாம், மருந்துக் குறிப்பில் வரக்கூடாது.

> ‘முடக்க நேரம்’ என்பது என் பரிந்துரை. காட்சி கண்முன் வருகிறது.

காட்சி வருகிறது, உண்மை. ஆனால் ‘ஆஃப்’ நேரத்தில் எல்லோரும் முடங்குவதில்லை. சிலருக்கு நடுக்கம் மட்டும் கூடும். சிலருக்குக் கால்விரல் முறுக்கிக்கொள்ளும். இன்னும் சிலருக்கு அசைவில் பெரிய மாற்றமே இருக்காது. காரணமில்லாத படபடப்பு, வியர்வை, தோள்வலி, மனச்சோர்வு என்று வரும். இவர்கள் ‘முடக்க நேரம்’ என்ற கட்டத்தில் குறியிடமாட்டார்கள். நமக்கு வேண்டிய சொல் உடம்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல், மருந்து என்ன ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். தவிர, நடக்கும்போது திடீரென்று பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு ‘நடை உறைவு’ என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். முடக்கம் அதோடும் குழம்பும்.

> ‘மருந்து கேட்கும் நேரம்’, ‘கேளா நேரம்’ – மக்கள் பேச்சிலேயே இருக்கிறதே!

இந்தப் பரிந்துரை என்னை நிறைய யோசிக்கவைத்தது. “இந்த மருந்து எனக்குக் கேக்குது” என்பதைப் போல் அழகான வழக்கு வேறு இல்லை. எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் எதிர்மறையைப் பாருங்கள். “மருந்து கேக்கல” என்றால் தமிழில் அந்த மருந்தே பயனில்லை என்று பொருள். டாக்டரை மாத்து, மருந்தை மாத்து என்று குடும்பம் கிளம்பிவிடும். இங்கே மருந்து நன்றாகக் கேட்கிறது, ஆனால் நேரம் போதவில்லை. லெவோடோபா உண்மையிலேயே கேட்காவிட்டால் அது பார்கின்சன்தானா என்றே மருத்துவர் ஐயப்படுவார். அதனால் ‘கேட்பது’ என்ற வினையை அந்தப் பொருளுக்கே விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு: ஏறு, இறங்கு என்ற இரண்டு வினைகளையே அடிப்படையாக வைப்போம். விஷம் ஏறும், போதை ஏறும், காய்ச்சல் இறங்கும். உடம்புக்குள் ஒன்றின் வேகம் கூடிக் குறைவதற்குத் தமிழர் வாயில் இயல்பாக வரும் சொற்கள் இவைதான். “மாத்திரை வேகம் இறங்கிடுச்சு” என்று நோயாளிகள் சொல்வதும் காதில் விழுந்த ஒன்றே. இதை வைத்துக்கொண்டால் ‘ஆன்’ என்பது மருந்து ஏறிய நேரம், ‘ஆஃப்’ என்பது இறங்கிய நேரம். ‘வேரிங் ஆஃப்’ மருந்திறக்கம். மாத்திரை போட்டும் வெகுநேரம் பலன் தெரியாமல் இருப்பது தாமத ஏற்றம். அந்த வேளை மாத்திரை சுத்தமாகப் பிடிக்காமலே போவது ஏறாமை. காலையில் எழும்போது இரவு மருந்து முழுதும் தீர்ந்து கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் இருப்பது விடியல் இறக்கம். எதிர்பாராத நேரத்தில் சட்டென்று அணைந்ததுபோல் ஆவது திடீர் இறக்கம். மொத்த நிலைக்கு இயக்க ஏற்றவிறக்கம். ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அகராதி பார்க்க வேண்டியதில்லை.

ஏறாமையும் தாமத ஏற்றமும் ஏன் வருகின்றன என்பதையும் இதே சொற்களில் விளக்கிவிடலாம். லெவோடோபா குடலிலிருந்து உள்ளே போகப் பயன்படுத்தும் வழியையே புரதத்தின் அமினோ அமிலங்களும் பயன்படுத்துகின்றன. முட்டையும் கறியும் பருப்புமாக நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே மாத்திரை போட்டால் அது நெரிசலில் மாட்டிக்கொள்ளும். இரைப்பை மெதுவாகக் காலியாவதும் இந்த நோயில் உண்டு. அப்போதும் மருந்து ஏறத் தாமதமாகும்.

> ‘ஏற்றம்’ என்றால் டோஸ் ஏற்றுவது, டிரிப்ஸ் ஏற்றுவது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நல்ல கேள்வி. இதற்குத் தமிழ் இலக்கணமே விடை வைத்திருக்கிறது. மருந்து ஏறுவது தன்வினை, மருந்தை ஏற்றுவது பிறவினை. முதலாவது உடம்புக்குள் நடப்பது, இரண்டாவது மருத்துவர் செய்வது. அதனால் நாளேட்டில் ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்ற பெயர்ச்சொற்களைத் தனியாகப் போடாமல் ‘மருந்து ஏறிய நேரம்’, ‘மருந்து இறங்கிய நேரம்’ என்று முழுதாகவே எழுதுவோம். டோஸைப் பற்றிச் சொல்லும் இடங்களில் கூட்டுதல், குறைத்தல் என்றே எழுதுவோம். கையேடு முழுக்க இந்த ஒழுங்கைக் காப்பாற்றினால் குழப்பம் வராது.

அடுத்தது ‘டிஸ்கைனீசியா’. இதற்கு வந்த பரிந்துரைகளில் ‘ஆட்டம்’, ‘உதறல்’ இரண்டையும் நான் வலுவாக எதிர்க்கிறேன். இந்த நோயில் இரண்டு வகையான தானே நிகழும் அசைவுகள் உண்டு. ஒன்று நடுக்கம்; பெரும்பாலும் மருந்து இறங்கிய நேரத்தில் கூடும். மற்றது மருந்தின் வேகம் உச்சத்தில் இருக்கும்போது கழுத்தும் தோளும் இடுப்பும் நெளிந்து நெளிந்து ஆடுவது. பார்ப்பவருக்கு இரண்டும் ஆட்டம்தான். மருத்துவமோ நேரெதிர். முன்னதற்கு மருந்து போதவில்லை, பின்னதற்கு மருந்து மிஞ்சிவிட்டது. “ஆட்டம் ஜாஸ்தியாயிடுச்சு” என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால் மருத்துவர் கூட்டச் சொல்வாரா, குறைக்கச் சொல்வாரா? அதனால் நடுக்கம் என்ற சொல்லை நடுக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்கு ‘மிகையசைவு’ என்று வைப்போம். ‘நெளியாட்டம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பொதுச்சொல்லாக அல்லாமல் விளக்கமாக அதைப் பக்கத்தில் போடலாம், மிகப் பொருத்தம். கால்விரல் முறுக்கிக்கொள்வது ‘முறுக்கம்’. அதையும் மிகையசைவில் கலக்க வேண்டாம்.

> ‘ஆட்-ஆன்’ மருந்துக்குத் ‘துணைமருந்து’ போதாதா?

போதும் என்றுதான் தோன்றும். ஆனால் சித்த மருத்துவத்தில் தேன், நெய், பால் என்று மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானத்தைத் துணைமருந்து என்கிறார்கள். நம் கையேட்டைப் படிக்கும் பலர் சித்த மருந்தும் எடுப்பவர்கள். ‘உடன்மருந்து’ என்று வைத்தால் தெளிவாக இருக்கும்: லெவோடோபாவை நிறுத்தாமல் அதனுடன் எடுப்பது. நிறுத்தக்கூடாது என்ற எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே ஒரு கிளைச்செய்தி, கையேட்டிலும் சேர்க்க வேண்டியது. பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவேதான். அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் தாமோதரனும் இராமசாமியும். அப்போது பார்கின்சனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாது. இன்று பூனைக்காலிச் சூரணம் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். அது உடன்மருந்து ஆகாது, அதே மருந்தின் கூடுதல் அளவு. சொல்லாமல் எடுத்தால் மிகையசைவு எங்கிருந்து வந்தது என்று மருத்துவருக்குப் புரியாது.

உடன்மருந்துகளை வகைப்படுத்தும்போதும் ஏறு–இறங்கு கைகொடுக்கிறது. முதல்வகை இறக்கத்தைத் தள்ளிப்போடுபவை. லெவோடோபாவைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றைக் கார்பிடோபா தடுக்கிறது. உடனே உடம்பு காம்ட் என்ற இன்னொரு நொதியின் வழியாகச் சிதைக்கிறது. அதைத் தடுப்பவை டோல்கபோன், என்டகபோன், ஒபிகபோன். டோல்கபோன் கல்லீரலைக் கெடுத்து உயிர்ச்சேதமும் ஆனதால் ஐரோப்பாவில் 1998-ல் நிறுத்தி, 2004-ல் கடும் கண்காணிப்போடு மறுபடி விட்டார்கள். என்டகபோனை ஒவ்வொரு வேளை லெவோடோபாவோடும் 200 மில்லிகிராம் போடவேண்டும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் (இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள், இதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்). ஒபிகபோன் 2016-ல் ஐரோப்பாவிலும் 2020-ல் அமெரிக்காவிலும் உரிமம் பெற்றது. படுக்கும்போது நாளுக்கு ஒரு தடவை போதும். ஏற்கெனவே நாளுக்கு ஐந்து ஆறு வேளை மாத்திரை விழுங்குகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. மூளைக்குள் டோபமினைச் சிதைக்கும் மாவோ-பி நொதியைத் தடுப்பவை செலிகிலின், ரசகிலின், பிறகு 2015-ல் ஐரோப்பாவிலும் 2017-ல் அமெரிக்காவிலும் வந்த சஃபினமைட். இவற்றுக்கு ‘நொதித் தடுப்பான்’ என்ற பழகிய சொல்லே போதும்.

இரண்டாவது வகை டோபமின் வழியை மட்டும் நம்பாதவை. இஸ்ட்ரடெஃபிலின், அடினோசின் என்ற வேதிப்பொருளின் செய்தியைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏ2ஏ ஏற்பியை அடைக்கிறது. காப்பியிலுள்ள கஃபீனும் அடினோசின் ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. ஜப்பானில் 2013-ல் வந்தது, அமெரிக்காவில் 2019-ல். ஐரோப்பாவிலோ சான்று போதவில்லை என்று 2021-ல் மறுத்தார்கள். ஒரே வகை நாளேட்டுக் கட்டங்களைப் பார்த்து மூன்று இடங்களில் இருவிதமான முடிவு! ஜப்பானில் வலிப்பு மருந்தான சோனிசமைடையும் 2009 முதல் பார்கின்சனுக்குக் கொடுக்கிறார்கள். ஃப்ளூ காய்ச்சலுக்கு வந்த அமன்டடின், மிகையசைவைக் குறைக்கும் மருந்தாக மாறியதும் இந்த வரிசைதான். நீண்டநேரம் வெளியாகும் அமன்டடினுக்கு மிகையசைவுக்காக 2017-லும் இறங்கிய நேரத்துக்காக 2021-லும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஒரே மருந்து இரண்டு பக்கமும் உதவுவது இந்த நோயில் அபூர்வம்.

மூன்றாவது, ஏற்கெனவே இறங்கிவிட்ட நேரத்தில் உடனே ஏற்றிவிடுபவை: தோலடி ஊசியாகப் போடும் அபோமார்ஃபின், மூச்சில் இழுக்கும் லெவோடோபாத் தூள். இவற்றுக்கு ‘மீட்பு மருந்து’ என்ற நண்பரின் சொல்லை அப்படியே ஏற்கலாம். வேளை தவறாமல் எடுக்கும் உடன்மருந்துக்கும் தேவைப்படும்போது எடுக்கும் மீட்பு மருந்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லவேண்டும்.

‘டோபமின் அகோனிஸ்ட்’ பற்றியும் கேட்டிருந்தார்கள். பிரமிபெக்சோல், ரோபினிரோல், தோல்பட்டையாக ஒட்டும் ரோடிகோடின். டோபமினைப் போலவே ஏற்பியில் உட்கார்ந்து வேலை செய்பவை. ‘டோபமின் போலி’ என்று வேண்டவே வேண்டாம். போலி மருந்து என்று படித்துப் பயந்துவிடுவார்கள். ‘டோபமின் ஒப்பி’ என்கிறேன். சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது போன்ற பழக்கங்களை இவை சிலருக்குத் தூண்டிவிடும் என்பதைக் குடும்பத்தாருக்குத் தெரியும்படி எழுதவேண்டும். நோயாளி தாமாக இதைச் சொல்லமாட்டார், வெட்கப்படுவார்.

இந்தச் சொற்களைப் போட்டு நாளேட்டை மாற்றி எழுதியிருக்கிறேன், அடுத்த மடலில் இணைக்கிறேன். வீட்டில் பார்கின்சன் உள்ள பெரியவர்கள் இருப்பவர்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல் தாளை மட்டும் கொடுத்து ஒரு நாள் குறியிடச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் தயங்குகிறார்கள் என்று எழுதுங்கள். அப்புறம் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் பக்கத்தில் மருந்தின் வேகம் ‘இறங்கினது’ என்று சொன்னால் புரியுமா, அல்லது அதற்கு வேறு சொல் புழக்கத்தில் இருக்கிறதா?

அன்புடன்.